ஊர்ச் சாட்சியும் ஏட்டுச் சாட்சியும்

கலியாணத்துக்குச் சாட்சி யார் என்று நம் பாட்டிமாரைக் கேட்டால் அக்கினி என்பார்கள். சிலர் குலதெய்வம் என்பார்கள். எனக்குத் தெரிந்தவரையில் நம் நாட்டில் கலியாணத்துக்குப் பெரிய சாட்சி ஊர்தான். பந்தற்கால் நட்டதைக் கண்டவர்கள், பந்தியில் அமர்ந்து உண்டவர்கள், மொய் எழுதியவர்கள், மறுவீட்டுக்கு வண்டி கட்டிக் கொடுத்தவர்கள் ஆகிய இத்தனை பேரும் நடமாடும் பதிவேடுகள். இன்னாள் இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று மெய்ப்பிக்க அந்த ஊர் எல்லைக்குள் எவரும் தாள் தேடிப் போனதில்லை.

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நாம் பாத்திரம் பண்டங்களைக் கொண்டுவந்தோம். அம்மியைக்கூடச் சுமந்துவந்தவர்கள் உண்டு. சாட்சியை மட்டும் கொண்டுவர முடியவில்லை. மும்பையில் அடுத்த அறையில் இருப்பவர் மராட்டியர். எதிர் அறையில் இருப்பவர் குசராத்தியர். நம்மைக் கணவன் மனைவி என்று அவர்கள் எதைக்கொண்டு அறிவார்கள்? ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம். ஒரே அடுப்பில் உண்கிறோம். குழந்தைகள் அப்பா, அம்மா என்று அழைக்கின்றன. வாழ்கின்ற வாழ்வே சாட்சியாகிவிடுகிறது.

இது சிறிய செய்தியன்று. கடல்கடந்த ஒரு பெருநாட்டில், திருமணச் சட்டத்தின் ஒரு பகுதியே இப்படிப்பட்ட குடியேறிகளின் வாழ்விலிருந்து வேர்விட்டு வளர்ந்தது. அந்த நாட்டில் இன்று நம் பிள்ளைகள் பலர் குடும்பம் நடத்துகிறார்கள். ஆதலின் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலங்கள் எதைத் திருமணம் என்று ஒப்புகின்றன, எதை ஒப்ப மறுத்தன என்பதைப் பற்றி இத்திங்கள் எழுதத் துணிந்தேன்.

நான் சட்டம் பயின்றவன் அல்லேன். கோட்டைப் பகுதியில் ஒரு வழக்கறிஞரிடம் முப்பத்திரண்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன். ஆயினும் உறவினருக்குள் சட்டச் சிக்கல் எழுந்தால் முதலில் என் வீட்டுத் தொலைபேசிதான் ஒலிக்கும். அவ்வாறு வந்த இரண்டு கேள்விகளே என்னை இந்தத் துறையில் படிக்க வைத்தன. ஒன்று, டெக்சாஸ் மாநிலத்தில் வேலைபார்க்கும் என் தம்பி மகளைப் பற்றியது. மற்றொன்று, ஒகையோ மாநிலத்தில் வாழும் என் தமக்கை மகனைப் பற்றியது.

சடங்கில்லாத் திருமணம்

அமெரிக்காவுக்கு ஒரே சட்டம் என்று நாம் நினைக்கிறோம். திருமணத்தைப் பொறுத்தவரை அது உண்மையன்று. மணமக்களின் வயது, உரிமத்தாள், காத்திருக்க வேண்டிய நாள், மணவிலக்கு எல்லாம் ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கென வகுத்துக்கொண்டவை. அவற்றுள் மிகப் பழையது, 'காமன் லா மேரேஜ்' என்று அவர்கள் கூறும் முறை. வழக்காற்றுத் திருமணம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உரிமத்தாள் இல்லை, பாதிரியார் இல்லை, நீதிபதி இல்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இன்றுமுதல் நாம் கணவன் மனைவி என்று மனமொத்து, அவ்வாறே வாழ்ந்து, ஊரார் அறிய அவ்வாறே தம்மைச் சொல்லிக்கொண்டால் திருமணம் முடிந்தது என்பது அதன் சாரம்.

இங்கிலாந்தில் இம்முறைக்கு 1753-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. ஹார்டுவிக் பிரபு கொண்டுவந்த அச்சட்டம் தேவாலயத்தில் முறைப்படி நடவாத மணம் செல்லாது என்றது. ஆனால் அச்சட்டம் கடல்கடந்த குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தவில்லை. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய குடியேறிகளின் ஊர்களுக்குப் பாதிரியார் எப்போதோ ஒருமுறை குதிரைமீது வருவார். அதுவரையில் வாழ்வு காத்திருக்குமா? வாழ்ந்தார்கள், மக்களைப் பெற்றார்கள், மாண்டார்கள். அந்த வாழ்வைத் திருமணமன்று என்று கூறினால் பாதிக் கிராமம் முறையற்றதாகிவிடும். நீதிமன்றங்கள் நடந்ததை ஒப்புக்கொண்டன.

1809-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு இதற்குத் தோற்றுவாய். ஒரு பெண்ணின் முதற் கணவன் அயல்நாடு சென்று திரும்பவில்லை. இறந்தான் என்ற பேச்சு பரவிற்று. அவள் 1792-இல் ரீடு என்பவரை மணந்தாள். அதன்பின் முதற் கணவன் உயிரோடு வந்து சேர்ந்தான். ஆயினும் அவளை அவன் உரிமை கோரவில்லை. 1800-இல் அவன் இறந்தான். ரீடும் அவளும் முன்போலவே வாழ்ந்தார்கள். மறுபடி சடங்கு ஒன்றும் செய்யவில்லை. 1806-இல் ரீடும் இறந்தார். அவர் சேர்ந்திருந்த உபகாரச் சங்கத்தில் கைம்பெண்ணுக்குரிய ஆண்டுத்தொகையை அவள் கேட்டபோது, நீ மனைவியா என்ற கேள்வி பிறந்தது. முதற் கணவன் இருக்கையில் நடந்த சடங்கு செல்லாது. ஆனால் 1800-க்குப் பின் இருவரும் கணவன் மனைவியாய் வாழ்ந்ததும், ஊர் அவ்வாறே அறிந்ததும் திருமணத்துக்குப் போதும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1877-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், சடங்கு வேண்டும் என்று ஒரு மாநிலச் சட்டம் கூறுவதனாலேயே சடங்கில்லா மணம் செல்லாததாகிவிடாது. செல்லாது என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் செல்லாது என்றது.

பிறகு காலம் மாறிற்று. இருப்புப்பாதை வந்தது, பதிவு அலுவலகம் வந்தது. செல்வர் இறந்தபின் நானே மனைவி என்று புதியவர்கள் முளைக்கும் வழக்குகளும் பெருகின. மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்தன. கலிபோர்னியா 1895-இலும், நியூயார்க் 1933-இலும், ஒகையோ 1991-இலும், பென்சில்வேனியா 2005-இலும், அலபாமா 2017-இலும் இதனை நிறுத்தின. தென் கரோலினாவில் 2019-இல் மாநில உச்ச நீதிமன்றமே இனிமேல் இது வேண்டா என்று தீர்ப்பளித்தது. இந்நாள் கொலராடோ, ஐயோவா, கான்சாஸ், மான்டானா, ரோடு ஐலண்டு, டெக்சாஸ், யூட்டா முதலிய சில மாநிலங்களிலும் தலைநகர் வாசிங்டனிலும் மட்டுமே இம்முறை உயிரோடிருக்கிறது. நியூ ஹாம்ப்சயரில் ஒரு புதுமை: மூன்றாண்டு கணவன் மனைவியாய் அறியப்பட்டு வாழ்ந்தவர்களுள் ஒருவர் இறந்தபின்னரே மற்றவரை வாழ்க்கைத்துணை என்று சட்டம் ஒப்பும். உயிரோடிருக்கையில் இல்லாத மணம் உயிர் பிரிந்தபின் உண்டாகிறது!

தம்பியின் கேள்வி

என் தம்பி மகள் டாலசு நகரில் கணினித் துறையில் பணிபுரிகிறாள். 2022-இல் ஒருநாள் தம்பி கலங்கிய குரலில் பேசினான். அவள் ஒரு தெலுங்கு இளைஞனோடு ஈராண்டாக ஒரே வீட்டில் இருக்கிறாளாம். நண்பர் ஒருவர், "டெக்சாசில் சேர்ந்து வாழ்ந்தாலே கலியாணம் ஆனமாதிரிதான்" என்று கூறினாராம். "அண்ணா, அது மெய்யா? மெய்யானால் ஊராருக்கு அதையே சொல்லிவிடுகிறேன்" என்றான். மகள்மேல் கொண்ட அன்பும் ஊர்வாய்க்கு அஞ்சிய அச்சமும் அவன் குரலில் மல்லுக்கு நின்றன. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

நான் அவனுக்கு எடுத்துரைத்ததையே இங்கும் எழுதுகிறேன். இன்னும் சில இல்லங்களுக்குப் பயன்படலாம். ஏழாண்டு சேர்ந்திருந்தால் மணமாகிவிடும் என்று அமெரிக்கரே பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டமில்லை. டெக்சாஸ் சட்டம் காலத்தை எண்ணுவதில்லை; மூன்று செய்திகளை எண்ணுகிறது. இருவரும் மணந்துகொள்ள உடன்பட்டிருக்க வேண்டும். அதன்பின் அந்த மாநிலத்தில் கணவன் மனைவியாய் ஒருங்கு வாழ வேண்டும். பிறரிடம் தம்மை மணமானவர் என்று கூறியிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் ஒரு திங்களிலும் மணம். ஒன்று குறைந்தால் பத்தாண்டிலும் மணமில்லை. வாடகையைப் பகிர்ந்துகொள்வது மணமாகாது.

இதன் மறுபக்கம் இன்னும் கூர்மையானது. வழக்காற்று மணம் என்பது அரை மணமன்று, முழு மணம். அது முறிய வேண்டுமானால் சடங்குசெய்து மணந்தவர்களைப் போலவே நீதிமன்றம் சென்று மணவிலக்குப் பெறவேண்டும். வழக்காற்று மணவிலக்கு என்று ஒன்று கிடையாது. பிரிந்து ஈராண்டுக்குள் எவரும் வழக்குத் தொடுக்கவில்லையானால், உடன்பாடே இருந்ததில்லை என்று டெக்சாஸ் சட்டம் முதலில் கொள்ளும். இல்லை, இருந்தது என்பவரே மெய்ப்பிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் இவ்வாறு உண்டான மணத்தை, இம்முறையை ஒழித்துவிட்ட மாநிலங்களும் பொதுவாக ஒப்புகின்றன. டாலசில் தொடங்கியது நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தாலும் கூடவே வரும்.

இதையெல்லாம் கூறி, "குழந்தை எங்கேனும் படிவத்தில் அவனைக் கணவன் என்று எழுதியிருக்கிறாளா, கேள்" என்றேன். எழுதியிருந்தாள். அலுவலகத்து மருத்துவக் காப்பீட்டில் அவனுக்கும் இடம் கிடைக்கும் என்று ஒரு கட்டத்தில் குறியிட்டிருந்தாள். அவளுக்கு அது ஒரு குறி. நாளை ஒரு நீதிபதிக்கு அது ஒரு சான்று. அன்றிரவு அவளே என்னோடு பேசினாள். "பெரியப்பா, எங்களுக்குத் தெரியாமலே எங்களுக்குக் கலியாணம் நடந்துவிட்டதா?" என்றாள். "உடன்பட்டீர்களா இல்லையா என்பது உங்கள் இருவருக்கும்தான் தெரியும், அம்மா. உடன்பட்டிருந்தால் அதை நாலுபேர் அறியச் செய்துவிடுங்கள். இல்லையானால் அந்தக் குறியை அழித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்காதீர்கள்" என்றேன்.

அவர்கள் மூன்று மாதம் சிந்தித்தார்கள். பிறகு மாவட்ட அலுவலகத்தில் உரிமத்தாள் வாங்கி, அந்த மாநிலம் விதித்திருக்கும் 72 மணி நேரம் காத்திருந்து, முறைப்படி மணந்துகொண்டார்கள். தம்பி ஊரில் ஒரு விருந்து வைத்தான். ஊரார் உண்டார்கள், உண்டபின் கேள்வி கேட்கவில்லை.

நம் வீட்டுக் கதை

அமெரிக்கரின் இந்த வழக்கம் நமக்கு அயலானது என்று எண்ணிவிட வேண்டா. என் சிற்றன்னை 1961-இல் தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர்க் கோவிலில் வாழ்க்கைப்பட்டு மும்பைக்கு வந்தார். சிற்றப்பா 1994-இல் காலமானார். அவர் பணியாற்றிய அலுவலகத்தின் பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் வேறு எழுத்துகளில் இருந்தது. திருமணச் சான்று கொண்டுவருக என்றார்கள். கோவிலில் ஏடில்லை, தாலி கட்டியதைக் கண்ட முதியோர் பலர் மறைந்துவிட்டார்கள். முப்பத்துமூன்று ஆண்டு அவருக்குச் சமைத்துப் போட்டவர் பதினொரு மாதம் அந்த அலுவலகத்துப் படியேறி இறங்கினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏடில்லாத சுரைக்காய் ஓய்வூதியச் சன்னலில் விலைபோகாது என்பதை அன்று கண்டேன். முடிவில் அவரைக் காத்தவை ரேஷன் அட்டையும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளும், அதே சாலில் குடியிருந்த இரு மராட்டியக் குடும்பத்தார் எழுதிக்கொடுத்த பிரமாணப் பத்திரங்களுமே. நியூயார்க்கில் ரீடின் மனைவிக்கு 1809-இல் கிடைத்த நீதியும் மும்பையில் என் சிற்றன்னைக்குக் கிடைத்த நீதியும் ஒரே நீதிதான்: வாழ்ந்தது சாட்சி.

நம் உச்ச நீதிமன்றமும் 1978-இல், ஏறத்தாழ ஐம்பதாண்டு கணவன் மனைவியாய் வாழ்ந்த இருவரைப் பற்றிய வழக்கில், நெடுநாள் இல்வாழ்வே திருமணம் நடந்தது என்று கொள்வதற்கு வலிய காரணம் என்றது. 2010-இல் ஒரு தீர்ப்பு இன்னும் நேராக அமெரிக்க வழக்காற்றைத் தொட்டது. அது கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய தமிழ்நாட்டு வழக்கு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 'திருமணத்தை ஒத்த உறவு' என்று ஒரு தொடர் வருகிறது. அதன் பொருள் என்ன என்று ஆராய்ந்த நீதிபதிகள், வழக்காற்றுத் திருமணத்தின் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டார்கள். உலகத்தின்முன் கணவன் மனைவி போலத் தோன்றவேண்டும்; சட்ட வயது நிறைந்திருக்க வேண்டும்; மணப்பதற்குத் தடையில்லாதவர்களாய் இருக்கவேண்டும்; தம் விருப்பத்தால் குறிப்பிடத்தக்க காலம் ஒருங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். இது அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பும் பொருளுதவியும் தரக்கூடிய உறவு. முழுத் திருமணம் ஆகாது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர் நினைவிற் கொள்ளவேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதும் நமக்குப் புதிதன்று. புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. பெரியோர் முன்னிலையில் மாலை மாற்றி வாழ்ந்த எத்தனையோ இணையர் ஒரே நாளில் ஐயத்துக்குள்ளானார்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968-இல் அது நடைமுறைக்கு வந்தது. முன் நடந்த மணங்களையும் அது காத்தது. ஆனால் அப்பிரிவு தமிழ்நாட்டுத் திருத்தம். மகாராட்டிரத்தின் சட்டத்தில் அது இல்லை. ஊரில் மாலை மாற்றினால் மணம். தாதரில் மாலை மாற்றினால் என்ன? அமெரிக்காவில் ஆற்றைக் கடந்தால் சட்டம் மாறுகிறது என்று வியக்கும் நாம் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தமக்கை மகன்

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் தமக்கை மகன் ஒகையோவின் தலைநகர் கொலம்பசில் பொறியாளன். 2012-இல் எனக்குத் தனியே ஒரு நீண்ட கடிதம் எழுதினான். தான் ஒரு பள்ளி ஆசிரியரோடு வாழ்வதாகவும், அவரும் தன்னைப்போல் ஓர் ஆடவர் என்றும், இதனை அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தான். கடிதத்தின் இறுதியில், "மாமா, இந்த ஊரில் நாங்கள் இருவரும் சட்டத்தின் கண்ணுக்கு அறைத்தோழர்கள்" என்றிருந்தது.

அவன் எழுதியது சட்டப்படி முற்றும் உண்மை. ஒகையோவில் வழக்காற்று மணம் 1991-இலேயே ஒழிந்தது. 2004-இல் அம்மாநிலத்து வாக்காளர், மணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே மட்டும் என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். அதே 2004 மே 17 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம், தன் உச்ச நீதிமன்றம் முந்தைய ஆண்டு அளித்த தீர்ப்பின்படி, ஒருபாலார் மணத்தை முதன்முதலில் நடத்திவைத்தது. 2009-இல் ஐயோவா, 2011-இல் நியூயார்க் என்று சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பல மாநிலங்கள் தடையை இறுக்கின. 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று, எந்த மாநிலம் மணம் செய்வித்தாலும் மத்திய அரசு அதை ஒப்பாது என்றது.

இத்தகைய வேலி அமெரிக்காவுக்குப் புதிதுமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் குடியேறிய பஞ்சாபி உழவர்கள், அங்கிருந்த இனக்கலப்பு மணத் தடையால் வெள்ளைப் பெண்களை மணக்க இயலாமல், பெரும்பாலும் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். கலிபோர்னியாவின் தடை 1948-இல் வீழ்ந்தது. எஞ்சிய 16 மாநிலங்களின் தடையை 1967-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. யார் யாரை மணக்கலாம் என்பதில் மாநிலத்தின் கை ஓங்கியிருந்த நாட்டில் நம்மவரும் அந்தக் கையின் கனத்தை உணர்ந்தவர்களே.

1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை வீழ்த்தியவர் ஈடித் விண்ட்சர் என்னும் மூதாட்டி. நாற்பதாண்டுக்கு மேலாகத் தம்மோடு வாழ்ந்து, 2007-இல் கனடாவில் தம்மை மணந்துகொண்ட துணைவி இறந்தபோது, நீங்கள் உறவினர் அல்லர் என்று கூறி மத்திய அரசு அவரிடம் 3,63,053 டாலர் மரபுரிமை வரி வாங்கியது. கணவன் இறந்த மனைவியாயின் ஒரு காசும் கட்டவேண்டியதில்லை. 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் மாநிலத் தடைகள் நின்றன.

அடுத்த வழக்கு என் தமக்கை மகனின் மாநிலத்திலிருந்தே எழுந்தது. ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர் ஆகிய இருவரும் இருபதாண்டு ஒருங்கு வாழ்ந்தவர்கள். ஆர்தர் தசைகளை முடக்கும் கொடுநோயால் படுக்கையில் இருந்தார். 2013 ஜூலையில் ஒரு மருத்துவ விமானத்தில் அவரை மேரிலாந்துக்குக் கொண்டுசென்றார்கள். விமானம் தரையிறங்கி நின்றது, அதனுள்ளேயே மணம் நடந்தது, விமானம் திரும்பிவிட்டது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஆர்தர் இறந்தால் இறப்புச் சான்றிதழில் மணமானவர் என்றும், துணைவர் இன்னார் என்றும் ஒகையோ எழுதவேண்டும். ஆர்தர் அந்த அக்டோபரில் இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2015 ஜூன் 26 அன்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு ஐம்பது மாநிலங்களிலும் ஒருபாலார் மணத்தைச் செல்லுபடியாக்கியது. ஒரு பெருந்தீர்ப்பின் அடியில் கிடந்தது ஓர் இறப்புச் சான்றிதழின் ஒரு கட்டம்! என் சிற்றன்னையின் பதினொரு மாதத்தை நினைத்துக்கொண்டேன்.

தமக்கை மகன் 2014-இல் நியூயார்க் சென்று மணந்திருந்தான். ஓராண்டுக் காலம், மத்திய அரசின் வருமான வரித்தாளில் மணமானவன். ஒகையோவின் வரித்தாளில் தனியன். தீர்ப்பு வந்தபின்தான் இரு தாளிலும் ஒரே மனிதனானான்.

வழக்காற்று மணமும் ஒருபாலார் மணமும் கைகோத்த இடமும் ஒன்று உண்டு. 2021-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம், மாநிலம் தடைசெய்திருந்த காலத்திலும் ஒருபாலார் இருவர் வழக்காற்று மணத்தில் இருந்திருக்கலாம். அதை மெய்ப்பிக்க இடமுண்டு என்றது. அத்தோடு ஆழமான ஒரு கருத்தையும் சொன்னது. ஒரே குடும்பப் பெயர், ஊரறியக் கூறுதல் போன்ற பழைய அடையாளங்களை இத்தகையோரிடம் அப்படியே தேடலாகாது. அவர்களுள் பலர் வேலைக்கும் உறவுக்கும் அஞ்சி மறைந்து வாழ்ந்தவர்கள் என்பதை எண்ணவேண்டும் என்றது. ஊரே சாட்சி என்னும் முறையின் குறை இதுதான். ஊர் கண்ணை மூடிக்கொண்டால் சாட்சியில்லை.

2022-இல் மத்திய மன்றம் இயற்றிய சட்டம், ஒரு மாநிலத்தில் முறைப்படி நடந்த இத்தகைய மணத்தை ஏனைய மாநிலங்கள் ஒப்பவேண்டும் என்கிறது. 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்றேனும் மாற்றப்பட்டால் பல மாநிலங்களின் பழைய தடைகள் மீண்டும் எழக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். 2025 நவம்பரில் அத்தீர்ப்பை மறுபடி ஆராயுமாறு வந்த ஒரு மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

வீட்டுப் பிள்ளை

என் தமக்கைக்கு இச்செய்தியை நானே சொன்னேன். அழவில்லை, சினக்கவில்லை. மகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஓராண்டுக்கு மேல் அந்த மௌனம் நீடித்தது. பிறகு ஒரு தீபாவளியன்று, "அந்தப் பிள்ளை மாமிசம் உண்பவனா?" என்று கேட்டார். அதுதான் முதற் கேள்வி.

2019-இல் தமக்கைக்கு இடுப்பெலும்பு முறிந்து மும்பை மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. இருவரும் வந்தார்கள். பகலில் மகன், இரவில் அந்த ஆசிரியர் என்று முறைவைத்துக்கொண்டு இருபது நாள் துணையிருந்தார்கள். இரவுத் துணைக்கு அனுமதிச்சீட்டு எழுதிய பெண், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். ஆறடி உயர வெள்ளையரைக் காட்டி நான் விடை தேடினேன். தமக்கை படுக்கையிலிருந்தபடியே, "வீட்டுப் பிள்ளை என்று எழுதிக்கொள்" என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

ஆயினும் நம் நாட்டுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒருபாலார் உறவைக் குற்றமன்று என்றது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள், இத்தகையோர்க்கு மணவுரிமை அடிப்படை உரிமையன்று. சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்றார்கள். ஆகவே கொலம்பசில் கணவர்களாய் விமானம் ஏறுகின்றவர்கள் மும்பையில் இறங்கும்போது சட்டப்படி அயலார். 2024-இல் மத்திய அரசு, ஒருபால் இணையர் ஒரே ரேஷன் அட்டையில் இடம்பெறவும் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டைதானே என்று சிலர் நகைக்கலாம். என் சிற்றன்னையைக் காத்தது எது என்று அறிந்த நான் நகைக்கமாட்டேன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறியிருக்கிறது.

அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் திருமணம் எத்தனை ஆண்டுக்கு முந்தியதாயினும் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே பணித்திருக்கிறது. பதியாததால் மணம் கெடாது. ஆனால் மனைவி அலைவாள். இரண்டாவது, அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறார்கள், அங்கே சட்டம் என்ன என்று கேட்டறியுங்கள். எந்தப் படிவத்திலும் கணவன், மனைவி என்ற சொல்லைப் பொருளறிந்து எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் துணைக்கு நம் அரசு தரும் கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டைக்குப் பதிவான திருமணமும் ஈராண்டு இல்வாழ்வும் வேண்டும். வழக்காறு மட்டும் அங்கே உதவாது.

மூன்றாவது வேண்டுகோள் சட்டத்தைப் பற்றியதன்று. ஒரு பிள்ளை தொலைவிலிருந்து தன் வாழ்வைப் பற்றி ஒரு கடிதம் எழுதினால், நாம் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், விடை எழுதுங்கள். சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவை மாறும்வரையில் அந்தப் பிள்ளைகளின் வாழ்வுக்குச் சாட்சி சொல்ல அயல்நாட்டில் ஊரும் இல்லை, உறவும் இல்லை. நாம்தான் இருக்கிறோம்.